எந்த ஊர் முதலியார்?

அறைக்குள்ளிருந்து மறுபடியும் ‘தொம்’ என்று சத்தம் வந்தது. குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் தைத்துக்கொண்டிருந்த கமலராணி கையை நிறுத்தினாள். எதிர்பார்த்தபடியே கீழ்வீட்டு ஷார்லோத் கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையை இரண்டு தரம் இடித்தாள்.

“இஞ்சாருங்கோ, கொஞ்சம் மெதுவாப் போடுங்கோவன். அவ பொலிசுக்குப் போன் அடிக்கப்போறா.”

“மெதுவாப் போட்டால் துரை அவுட் ஆவானே?” என்று உள்ளேயிருந்து ஐங்கரன் கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பத்து மூன்று வயது மனிதர், மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்துவிட்டு, காலுறைக்குள் திணித்த பந்தை அதில் எறிந்துகொண்டிருக்கிறார். ரெஸ்ரோறண்டில் சட்டி தூக்கித் தூக்கி நொந்துபோன அந்தத் தோளுக்கு இப்போது எங்கிருந்து பலம் வந்ததோ!

பகலெல்லாம் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு சேலைக் கடையின் பின்னறையில் சட்டை தைக்கிறவள் கமலராணி. வருடத்தில் ஒருமுறை ஊர் விளையாட்டுக் கழகத்தின் கலைவிழாவுக்கு நாடகம் எழுதுவாள். அவளுடைய நாடகம் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைக்காமல் மெத்ரோ ரயில் ஏறியவர் இல்லை. ஆனால் அவளுடைய கணவருக்கு மட்டும் வசனம் நிற்காது. மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எல்லா நாடகத்திலும் தட்டம் ஏந்துகிறவராகவோ, வேலோடு நிற்கிற காவல்காரராகவோதான் வருவார். ஒருமுறை பிரேதமாகவும் கிடந்தார். நன்றாகவே கிடந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். அன்று இரவு வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். அது அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

இந்த வருடம் அவருக்காகவே ஒரு கதை கட்டினாள். வெள்ளைக்காரர் ஆண்ட காலம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் ஒன்று. கொழும்புச் சட்டநிரூபண சபையில் தமிழருக்கான நாற்காலி காலியாகிறது. கவர்னரான தேசாதிபதிதான் ஆளை நியமிக்க வேண்டும். அவருக்குச் சிபாரிசு எழுதுகிறவர் யாழ்ப்பாணத்து அரசாங்க ஏசண்டுத் துரை. அதே மாதம் துரைமாருக்கும் ஊர்ப் பொடியங்களுக்கும் கிரிக்கெட் போட்டி. நாற்காலிக்கு ஆசைப்பட்ட ஊர் அதிகாரி, ஒரு முதலியார், பந்து போடுகிற வேலனைக் கூப்பிட்டு, “துரையை அவுட் ஆக்கிப்போடாதை” என்கிறார். வேலன் பதில் சொல்வதில்லை. மைதானத்துக்குப் போகிறான். ஒரே பந்து! துரையின் விக்கெட் பறக்கிறது. அவன் பதில் அதுதான். வசனமே இல்லாத அந்த வேலன்தான் ஐங்கரன்.

அழைப்பு மணி அடித்தது. கழகத் தலைவர் பொன்னம்பலம் நின்றார். நகைக்கடை வைத்திருப்பவர், விழாவுக்கு மண்டபம் எடுத்துத் தருகிறவரும் அவர்தான். கையில் லட்டுப் பெட்டி. உள்ளே வந்து அமர்ந்தவர் அதைக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“ஞாயிற்றுக்கிழமை உம்மடை நாடகத்தை வாசிச்சுப் பாத்தன், தங்கச்சி. ஏன் முதலியாரை இப்பிடிக் கேவலப்படுத்தி வைச்சிருக்கிறீர்?”

“எந்த முதலியாரை, அண்ணை?”

“தெரியாத மாதிரிக் கதையாதையும். அது எங்கடை பூட்டன், அப்பப்பாவின்ரை அப்பா. நாற்காலிக்கு அலைஞ்சு கிடைக்காமல் போனது ஊருக்கே தெரிஞ்ச கதை.”

“ஐயோ அண்ணை, சத்தியமா அவர் கற்பனை. என்ரை தையல் மிஷினுக்கு முன்னாலை பிறந்தவர்.”

“கற்பனையெண்டால் மாத்திறது லேசுதானே? ‘நாற்காலி போனாலும் பரவாயில்லை, துரையை அவுட் ஆக்கடா’ எண்டு முதலியாரே வேலனுக்குச் சொல்லட்டும். சனம் கைதட்டும். இல்லாட்டி மண்டபத்துக்கு வேற ஆக்களைப் பாரும்.”

அறைக்குள் பந்துச் சத்தம் நின்றுவிட்டது.

கமலராணி தேத்தண்ணி போட எழுந்தாள். ஒரே ஒரு வசனம்தான். அதை எழுதினால் வேலனும் ஏவியதைச் செய்கிற வேலைக்காரன். ஐங்கரனுக்கு மறுபடி தட்டம். தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தாள்.

“அண்ணை, போன கிழமை சாந்தன் அண்ணையும் கடைக்கு வந்தவர். அந்த முதலியார் தங்கடை பூட்டனாம்.”

“எந்தச் சாந்தன்? பக்கத்து ஊர்க் கழகத்துச் செயலாளரே?”

“ஓம். ‘கெட்டவனெண்டாலும் பரவாயில்லை, எங்கடை ஊர்ப் பேரை ஒருக்காச் சொல்லிவிடு பிள்ளை’ எண்டவர்.”

பொன்னம்பலத்தின் முகம் சிவந்தது. “அவையளுக்கு எங்காலை முதலியார்? அவையின்ரை ஊரிலை ஒரு சின்ன விதானையார்கூட இருக்கேல்லை!”

“உங்களுக்கு மனவருத்தமெண்டால் அவையின்ரை ஊருக்கே மாத்திவிடுறன், அண்ணை. ஆனால் அந்த வசனத்தை மட்டும் எழுதச் சொல்லாதேங்கோ.”

பொன்னம்பலம் லட்டுப் பெட்டியின் மூடியை விரலால் தட்டினார். தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது. அறை வாசலில் ஐங்கரன் வந்து நின்றார். வியர்த்த முகம், கையில் காலுறைப் பந்து.

“ஐங்கரன், உமக்கு என்ன வேசம்?” என்றார் பொன்னம்பலம்.

ஐங்கரன் வாயைத் திறந்தார். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை.

“வேலன், அண்ணை,” என்றாள் கமலராணி. “வசனம் கிடையாது. அந்தப் பந்து மட்டும்தான். அதையும் முதலியார் சொல்லித்தான் போட்டாரெண்டால், பிறகு இவரிட்டை என்ன இருக்கு?”

பொன்னம்பலம் அந்தப் பந்தைப் பார்த்தார். பிறகு எழுந்து லட்டுப் பெட்டியை மேசையில் வைத்தார்.

“முதலியார் நல்லவனோ கெட்டவனோ, எங்கடை ஊரிலையே இருக்கட்டும். அவையளுக்குக் குடுத்திடாதையும். ஆனால் தலைப்பாகை மட்டும் திறம் பட்டிலை கட்டவேணும், சொல்லிப்போட்டன். மோதிரம் கடையிலை இருந்து நான் தாறன்.”

“ஓம், அண்ணை.”

வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டவர் ஐங்கரனின் தோளைத் தட்டினார்.

“துரையா வாறது என்ரை மருமகன்தான். பாவம் பாக்காமல் நேராப் போடும்.”

“போடுறன், அண்ணை,” என்றார் ஐங்கரன், தெளிவாக.

படிகளில் பொன்னம்பலத்தின் காலடி இறங்கிப்போனது. ஐங்கரன் பந்தை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு கதவைச் சாத்தினார்.