ஜாடியில் இருந்த வயல் நண்டு

ஒரு மாணவன் சரியாக எழுதிய விடைக்கு நான் பூஜ்யம் போட்டேன். சரி என்று தெரிந்தே போட்டேன். ஏன் என்று கேட்க வந்தவனை, வகுப்பே சிரிக்கும்படி ஒரு வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பினேன். மறுநாளிலிருந்து அவன் கல்லூரிக்கு வரவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில ஆண்டுகள் முந்தி நடந்தது இது. மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. பாடத்திலோ கடலோர உயிர்கள் நிறைய வரும். அதனால் முத்துப்பேட்டைப் பக்கத்து அலையாத்திக் காட்டுக்குப் போய் ஜாடிகளை நிரப்பி வரும்படி பேராசிரியர் என்னை அனுப்பினார்.

வயல்காட்டில் பிறந்தவன் நான். சேறு எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்தச் சேறு வேறு. சேற்றிலிருந்து ஆணி அடித்ததுபோல் மூச்சு வேர்கள் நிமிர்ந்து நிற்கும். வேரெல்லாம் சிப்பி அப்பியிருக்கும். சிப்பிக்குப் பக்கத்திலேயே கொட்டலசு. பார்வைக்கு அதுவும் சிப்பிபோலத்தான் இருக்கும், ஆனால் அறுத்துப் பார்த்தால் நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. சுருள் ஓட்டுக் கறுப்பு நத்தைகள் சேற்றில் கோடு கிழித்துக்கொண்டு போகும். இன்னொரு சிறு நத்தை, தண்ணீர் ஏற ஏறத் தானும் மரத்தில் ஏறி இலையில் ஒட்டிக்கொள்ளும். வளைக்கு வளை நண்டு. ஒரு வகையில் ஆணுக்கு ஒற்றைக் கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிது. அதை ஆட்டி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். மற்றொன்று பழுப்பு நிறம், சதுரமான ஓடு. ஆள் நடமாட்டம் கண்டால் விறுவிறுவென்று மரத்தில் ஏறிவிடும். அதைப் பிடிப்பதற்குள் நான் இரண்டு முறை விழுந்தேன்.

நண்டை எப்படிப் பதப்படுத்துவது என்று பேராசிரியர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். தண்ணீரில் விட்டு, ஸ்பிரிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். உயிரோடு நேரே ஸ்பிரிட்டில் போட்டால் கால்களை உதறிவிடும். ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று நான் நேரே போட்டேன். மதுரை வந்து மூடியைத் திறந்தபோது நத்தையும் சிப்பியும் நன்றாக இருந்தன. நண்டுகளெல்லாம் வெறும் ஓடு. கால்கள் அடியில் குச்சிகளாகக் கிடந்தன.

சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன். ஒற்றைக் கொடுக்கு நண்டு கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். மரமேறும் நண்டைப் பிடித்ததாக முன்பே கடிதம் எழுதியிருந்தேன். ஆகவே ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வரப்பு வளையில் கைவிட்டு வயல் நண்டு ஒன்றைப் பிடித்து, முறைப்படி பதப்படுத்தி, 'மரமேறும் நண்டு' என்று சீட்டு ஒட்டிய ஜாடியில் போட்டேன். பேராசிரியர் பறவைகளைப் படித்தவர். கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு" என்றார்.

அடுத்த ஆண்டு தேர்வுப் பரீட்சை. அதில் தேறினால்தான் சர்வகலாசாலைப் பரீட்சைக்கு அனுப்புவார்கள். சீட்டை மறைத்து ஜாடிகளை மேசையில் வைத்தோம். பார்த்து இன்னது என்று எழுத வேண்டும். எல்லோரும் அந்த நண்டை 'மரமேறும் நண்டு, அலையாத்திக் காடு' என்று எழுதினார்கள். ஒருவன் மட்டும் 'வயல் நண்டு' என்று எழுதினான். கொட்டாம்பட்டிக்கு அப்பால் ஒரு கூலிக் குடும்பத்துப் பையன். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அந்த விடைக்கு மதிப்பெண் போட்டிருந்தால் தேறியிருப்பான். போட்டால், மற்றவர்களுக்கு ஏன் போட்டாய் என்று கேள்வி வரும். ஜாடியைத் திறப்பார்கள்.

வகுப்பில் விடைத்தாளோடு எழுந்து வந்தான்.

"சார், இது வயல் நண்டுதான சார்? எங்க ஊரு வரப்புல அம்புட்டும் இதுதான்."

"சீட்டுல என்ன எழுதியிருக்கு, பாத்தியா?"

"பாத்தேன் சார். ஆனா ஓடு உருண்டையால்ல இருக்கு? மரத்துல ஏறுறதுக்கு ஓடு சதுரம்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "விடு மாப்ள, தின்னு பாத்துட்டுச் சொல்றான்!"

சிரிப்பு எழுந்தது. நான் அதை அடக்கியிருக்க வேண்டும். அதையே நானும் பிடித்துக்கொண்டேன்.

"நீ சட்டியில பாத்த நண்டையெல்லாம் ஜாடியில தேடாதப்பா. இது காலேஜு, ஒங்க வீட்டு அடுப்படி இல்ல."

அறையே குலுங்கியது. அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். எங்கள் வீட்டிலும் சளி பிடித்தால் நண்டு ரசம்தான். அதற்குப் பிறகும் குடித்தேன்.

யுத்தம் வந்தது. பேராசிரியர் ஓய்வு பெற்றார். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் அந்த மாணவர் வாத்தியாராக இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பெட்ரோல் தட்டுப்பாட்டில் அப்போது கரிப் புகையில் ஓடிய பஸ் ஒன்றில் ஏறிப் போனேன். பள்ளிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிரின்சிபாலிடம் பேசி மறுபடி சேர்த்துவிடுகிறேன் என்றேன்.

"இனி நான் எங்குட்டு சார் வர்றது? பிள்ளைக இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு." சாவியை இடுப்பில் செருகினார். "அன்னைக்குச் சிரிச்சது வகுப்பு பூராவும். நீங்க எங்கிட்ட மட்டும் வந்து சொல்றீக."

பள்ளி வாசலை விட்டு இறங்கி நடந்தார்.

பிரின்சிபாலிடம் சொன்னேன். ஜாடியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள், கல்லூரிக்குப் பெயர் கெட வேண்டாம் என்றார். நான் அந்த ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பில் சொன்னேன். அன்று சிரித்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டிருந்தார்கள். இவர்கள் வேறு பிள்ளைகள். ஒருவன் எழுந்து, "அப்ப மத்த ஜாடியெல்லாம் நெசந்தானா சார்?" என்றான். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அன்று முதல் நான் 'நண்டு சார்'. துறைத் தலைமை எனக்கு வரவில்லை. அதில் வருந்த எனக்கு நியாயமில்லை.

யுத்தம் முடிந்ததும் என் செலவில் மறுபடி அலையாத்திக் காட்டுக்குப் போனேன். இந்த முறை ரயிலைத் தவறவிட்டேன். நண்டு கால் உதறவில்லை. நிஜ மரமேறும் நண்டு வந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று கொட்டாம்பட்டி வாத்தியாருக்குக் கார்டு எழுதினேன். பதில் இல்லை. பல மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார்.

"வகுப்புல சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"சிரிச்சாய்ங்களா?"

"நல்லாவே சிரிச்சாங்க. பேரே வச்சுட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு ஜாடிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வயல் நண்டுக்கு அதன் பெயரையே எழுதி ஒட்டியிருந்தேன். புதிய ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சதுரந்தான்," என்றார். ஜாடியை இருந்த இடத்திலேயே வைத்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரேன் சார்."

பிறகு வரவில்லை.