பேச்சியம்மா பேசாத பதினொரு மாதம்

கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரத்துக்கு இறங்கும் வீதியோரத்தில் ஒரு தோட்டம். தோட்டமென்றால் மரஞ்செடி எதுவுமில்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு அறைகள், எல்லாருக்குமாக ஒரு தண்ணீர்க் குழாய். ஏழாவது அறைக்காரி பேச்சியம்மா. குழாயடியில் அவள் கதை சொல்ல ஆரம்பித்தால், வாளி நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் மற்றப் பெண்கள் நின்று கேட்பார்கள். அப்படிப்பட்டவள், கட்டின புருஷனோடு மட்டும் பதினொரு மாதம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள்.

புருஷன் சுடலைமுத்து துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கரி ஏற்றுகிறவன். அதிகம் பேசாதவன், பேசினால் அதிலும் பாதியை முழுங்கிவிடுவான். இருவருக்கும் ஒரே பிள்ளை, இராமலெட்சுமி. ஒரு வெள்ளிக்கிழமை பேச்சியம்மா ஜிந்துப்பிட்டிக் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரரிடம் சுடலைமுத்து வெற்றிலை பாக்கு வாங்கிவிட்டான். மாப்பிள்ளை பெயர் சங்கிலி, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, குடிப்பழக்கம் கிடையாது. எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. ஆனால் பேச்சியம்மா விபூதித் தட்டோடு வாசலில் நின்றபடி கேட்டது ஒன்றேதான்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“நீதான் வீட்ல இல்லையே.”

“கோயிலுக்குத்தான போனேன், கடலத் தாண்டியா போனேன்? ஒரு மணி நேரம் அந்த மனுசன உக்காரச் சொல்லக் கூடாதா?”

சுடலைமுத்து தலையைச் சொறிந்தான். அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

“சரி. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணலேல்ல. இனி எங்கிட்டருந்தும் உங்களுக்கு ஒரு வார்த்த வராது.”

நாலு நாளில் சரியாகிவிடும் என்று அவன் நினைத்தான். கல்யாணம் நடந்தது. மணவறைக்குப் பக்கத்தில் இருவரும் சேர்ந்து நின்றார்கள், சேர்ந்து அழுதார்கள், பேசவில்லை. மகள் புருஷனோடு மலைநாட்டுக்குப் போன பிறகு அந்த ஒற்றை அறையில் இரண்டு பேரும் தனியானார்கள்.

தவிர்க்க முடியாத செய்திகளுக்குப் பலகைச் சுவருக்கு அப்பால் மாக்ரெட் இருந்தாள். கடுதாசி வந்தால் வாசித்துச் சொல்லுகிறவளும் அவள்தான். புருஷன் இரண்டடி தூரத்தில் சாப்பிட உட்கார்ந்திருக்க, பேச்சியம்மா சுவரைப் பார்த்துக் கூப்பிடுவாள்.

“மாக்ரெட்டு, கொழம்பு சூடா இருக்கு, ஊதித் திங்கச் சொல்லு.”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “அண்ணே, கேட்டுதா?” என்று வரும்.

“கேட்டுச்சும்மா,” என்பான் சுடலைமுத்து.

மகளின் கடுதாசிகள் சந்தோஷமாகவே வந்தன. சங்கிலி தங்கமான பையன், மாமியார் சொந்த மகளைப்போலப் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தாள். நாலாம் மாதத்திலேயே பேச்சியம்மாவின் கோபத்துக்குக் காரணம் தீர்ந்துபோயிற்று. ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது? குளிர் நாளில் அவனுக்கு இருமல் வந்தபோது கொத்தமல்லி வறுத்துக் கஷாயம் வைத்தாள். தம்ளரை ‘ணங்’ என்று தரையில் வைத்துவிட்டுப் போனாள். அவனும் அவளுக்குப் பிடித்த தொதல் இனிப்பை வாங்கி வந்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு ஒன்றும் அறியாதவன்போல வெளியே போவான். அவள் முழுவதையும் தின்றாள். பேசத்தான் இல்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டு, ஏப்ரல் ஐந்து, ஈஸ்டர் ஞாயிறு. மாக்ரெட் விடிவதற்கு முன்பே பாஸ்காப் பூசைக்குப் போயிருந்தாள். ஞாயிறானாலும் யுத்த காலமாகையால் துறைமுகத்தில் வேலை நிற்கவில்லை. சுடலைமுத்து ஆறு மணிக்கே போய்விட்டான். எட்டு மணி ஆகியிருக்காது, வானத்தில் இரைச்சல் கேட்டது. பேச்சியம்மா முற்றத்துக்கு வந்து அண்ணாந்தாள். பீரங்கிகள் வெடிக்கத் தொடங்கிய பிறகுதான் அவை நம்முடைய விமானங்கள் இல்லை, ஜப்பான்காரனுடையவை என்று புரிந்தது. தரை அதிர்ந்தது. சட்டிப்பானைகள் உருண்டன. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மதகின் கீழ் ஓடினார்கள். துறைமுகப் பக்கம் கறுப்பாகப் புகை எழும்பியது.

இரைச்சல் அடங்கியதும் தோட்டமே மூட்டை கட்ட ஆரம்பித்தது. பேச்சியம்மா மூட்டை கட்டவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துறைமுகத்தை நோக்கி ஓடினாள்.

வாசலில் அவளைப்போல நூறு பெண்கள். தேடப்படுகிறவர்களின் பெயர்களைச் சிங்களக் காவலாளி ஒருவன் கேட்டுச் சொல்ல, பக்கத்தில் கணக்கு எழுதும் கிராணி ஸாலிஹ் தாளில் எழுதினார்.

“மினிஹாகே நம மொகக்த?” என்றான் காவலாளி.

புருஷன் பெயரைத்தான் கேட்கிறான் என்று பேச்சியம்மாவுக்கு விளங்கியது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை.

“இராமலெட்சுமி அப்பா,” என்றாள்.

ஸாலிஹ் நிமிர்ந்து பார்த்தார். “தங்கச்சி, இங்க உள்ளவங்க எல்லாரும் யாருக்காவது வாப்பாதான். பேரச் சொல்லுங்க.”

“சுடுகாட்டச் சொல்ற பேரு… பின்னால கடல்ல குளிச்சு எடுக்குறது…”

“பேரத் தெரியாம நான் எங்க போய்த் தேட?”

பின்னாலிருந்த பெண்கள் நெருக்கினார்கள். பேச்சியம்மா கண்ணை மூடிக்கொண்டு, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

“சுடலமுத்து! கரி ஏத்துற சுடலமுத்து!”

ஸாலிஹ் தாளைப் புரட்டினார். கரிக்கூட்டத்தில் காயம்பட்டவர்கள் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. “அந்தக் கூட்டத்த மத்த வாசலால வெளிய அனுப்பியாச்சு. வீட்டுக்குப் போய்ப் பாருங்க,” என்றார்.

நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் திரும்பி நடந்தாள். எதிரே சனங்கள் தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கரி படிந்த ஒவ்வொரு முகத்தையும் நின்று பார்த்தாள்.

ஏழாவது அறை வாசலில் சுடலைமுத்து உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் கரி, முழங்காலில் இரத்தம். அவளைக் காணாமல் மதகடி வரைக்கும் இரண்டுமுறை ஓடித் தேடிவிட்டு வந்திருந்தான். பூசை முடிந்து பயந்து ஓடிவந்த மாக்ரெட் வெள்ளைச் சேலையோடு பக்கத்தில் நின்றாள். பேச்சியம்மாவைக் கண்டதும் அவன் பழக்கதோஷத்தில் மாக்ரெட்டிடம் திரும்பினான்.

“எங்க போயிருந்தாளுன்னு கேளும்மா.”

“ஏலாது அண்ணே,” என்றாள் மாக்ரெட். “இன்டைக்குப் பெருநாள். நான் தூது போக மாட்டன். நீங்களே கேளுங்க.” உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பேச்சியம்மா அவன் எதிரே குந்தினாள். முந்தானையை நனைத்து முழங்காலைத் துடைத்தாள்.

“எரியுதா?” என்றாள்.

சுடலைமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தான். கண்ணீர் கன்னத்துக் கரியில் இரண்டு கோடு போட்டது.

“வாயத் தொறந்து சொல்லுங்களேன். எரியுதா?”

“இல்ல, பேச்சி. எரியல.”

மறுநாள் காலை இருவரும் மகளிடம் போகப் புறப்பட்டார்கள். மருதானை நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. எப்படியோ உள்ளே நுழைந்து, மூட்டைமேல் ஒருவரையொருவர் ஒட்டி உட்கார்ந்தார்கள். ரயில் நகர்ந்ததும் பேச்சியம்மா தொடங்கினாள். மூன்றாம் அறைக்காரியின் பிரசவம், மழையில் கூரை ஒழுகியது, மிளகாய் இடிக்கப் போகும் வீட்டு அம்மாவின் புது மூக்குத்தி, கல்யாணத்தன்று இராமலெட்சுமி காதில் சொன்னது. ராகமை வந்தது, கம்பஹா வந்தது. பொல்காவலையைத் தாண்டியபோது அவள் இன்னும் ஆடி மாதத்துக் கதையில்தான் நின்றாள்.

சுடலைமுத்துவின் தலை அவள் தோளில் சாய்ந்தது.

“தூங்குறீங்களா?”

“இல்ல, புள்ள,” என்றான் கண்ணைத் திறக்காமல். “சொல்லு.”