தங்கராஜு எதிராகக் கை தூக்கினார்

மலாயாவின் புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் தந்தி கிளார்க்காக இருந்த தங்கராஜு, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் தந்திதான் அடிப்பார். நிலையத்தில் சம்பளத்துக்கு, வீட்டில் ஆசைக்கு. ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்னறையில் அவரே செய்த டிரான்ஸ்மிட்டர் ஒன்று இருந்தது. கூரையிலிருந்து தென்னை மரம்வரை ஏரியல் கம்பி ஓடியது. முகம் தெரியாத யாரோ ஒருவர் மேடானிலிருந்தோ ரங்கூனிலிருந்தோ மோர்ஸில் கூப்பிடுவார், இவர் பதில் அடிப்பார். மழை, வெயில், கருவியின் வலு, அவ்வளவுதான் பேச்சு. அதற்குமேல் பேசச் சட்டம் இடம் தரவில்லை. இப்படிக் காற்றில் பேசுவதற்கு அரசாங்கத்திடம் சோதனை எழுதித் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும். மலாக்கா மாநிலத்தில் அதை வைத்திருந்தவர்கள் வெகு சிலர். அவர்களும் பெரும்பாலும் தோட்டத்துத் துரைமார்கள். தமிழரில் இவர் ஒருவர்தான்.

அது வெள்ளைக்கார ஆட்சி அறிவித்த அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், சாலையில் சோதனைச் சாவடி, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. அப்படிப்பட்ட நாளில் கூரைமேல் கம்பி கட்டியவன்மீது ஊர்க்கண் விழாமல் இருக்குமா? தம்பின் ஊர்ப்பக்கம் கம்யூனிஸ்டுகள் சரக்கு ரயில் ஒன்றைத் தடம் புரட்டியபோது, தங்கராஜு வீட்டிலிருந்துதான் காட்டுக்குச் சேதி போனது என்று யாரோ போலீஸில் சொல்லிவிட்டார்கள். ஜீப் வந்து அழைத்துப் போனது. அடிக்கவில்லை. ஒரே கேள்வியைப் புரட்டிப் புரட்டிக் கேட்டார்கள். மனைவி மங்களம் சோற்றுத் தூக்கைச் சுமந்துகொண்டு போலீஸ் வாசலில் காத்துக் கிடந்தாள். கடைசியில், வானொலி அலைகளைக் கண்காணிக்கும் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வந்தார். இந்த ஆள் முறைப்படி சோதனையில் தேறியவர், இவர் அடிப்பதை நாங்கள் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், தவறாக ஒரு சொல் போனதில்லை என்றார். அதன்பிறகே விட்டார்கள்.

அன்றிலிருந்து தங்கராஜுவுக்கு ஒரு நம்பிக்கை ஊறிப்போயிற்று. தன்னைக் காப்பாற்றியது அந்தக் கடினமான சோதனைதான். அது ஒரு வேலி. வேலி தாழ்ந்தால் கண்டவனும் உள்ளே வருவான், எவனோ ஒருவன் செய்யும் கோளாறுக்கு எல்லார் தலையும் உருளும்.

அவருக்கு இருந்த ஒரே நெருங்கிய சிநேகிதர் ஹனீஃப். மலாக்கா டவுனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பக்கத்துக் கடலோர ஊரான உம்பாயில் மீன் வியாபாரம் செய்த தமிழ் முஸ்லிம் குடும்பம். ஹனீஃபுக்கு மட்டும் மீனில் மனம் ஒட்டவில்லை, ரேடியோ வால்வில் ஒட்டியது. தங்கராஜுவின் டிரான்ஸ்மிட்டரில் பாதி அவர் யோசனை. ஆனால் அவருக்கு லைசென்ஸ் கிடையாது. ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில் துறைமுகத்தில் நின்றிருந்தவர் அவர். அன்று புகுந்த இரைச்சல் இரண்டு காதையும் விட்டு இறங்கவே இல்லை. எதிரில் இருப்பவர் பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மோர்ஸ் அடிப்பார், அழகாக அடிப்பார். வேகமாக வரும் மோர்ஸை வாங்கத்தான் முடியாது. இரைச்சலும் புள்ளியும் கோடும் ஒன்றாகக் கலந்துவிடும்.

1953-இல் மலாக்காவின் சில பகுதிகளைக் கம்யூனிஸ்ட் தொல்லை நீங்கிய வெள்ளைப் பகுதி என்று அறிவித்துக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். அடுத்த வருடத் தொடக்கத்தில், லைசென்ஸ் வைத்திருந்தவர்களின் வானொலி ஆர்வலர் சங்கம் கூடியது. துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள், புதிதாக யாரும் சேரவில்லை. ஜாசின் பக்கத்துத் தோட்ட மேனேஜர்தான் தலைவர். அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மோர்ஸ் சோதனையின் வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், போலீஸ் நற்சான்று முறையையும் எளிதாக்க வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்பது. அப்போதுதான் வாத்தியார், கடைக்காரர், ஆஸ்பத்திரி ஊழியர் என்று உள்ளூர் ஆட்கள் வருவார்கள் என்றார். விருந்தாளியாக வந்திருந்த ஹனீஃப், கடைசி நாற்காலியில் உட்கார்ந்து எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கராஜு எழுந்து எதிர்த்துப் பேசினார். சரளமான ஆங்கிலத்தில், அழுத்தமாகப் பேசினார். காட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை, தேர்ந்த கை வேறு, தேராத கை வேறு, எண்ணிக்கை பெருகுவது பெரிதல்ல, பெயர் கெடாமல் இருப்பதே பெரிது என்றார். பிறகு ஒரு வாக்கியம் சொன்னார். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மோர்ஸைக் காதால் வாங்க முடியாதவருக்கு இந்தப் பொழுதுபோக்கு ஏற்றதல்ல என்றார்.

வாக்கெடுப்பில் தங்கராஜு எதிராகக் கை தூக்கினார். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது. ஹனீஃப் யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது மங்களம் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே சொன்னாள்.

"ஒங்களுக்குப் பயம். அது தப்பில்ல, நானுந்தான் பயந்தேன். ஆனா ஒங்க பயத்த அந்த மனுசன் காதுமேல ஏன் போட்டீங்க?"

அதற்குப் பிறகு தங்கராஜு மலாக்கா டவுனுக்குப் போனால் ஹனீஃபின் கடை இருந்த தெருவைத் தவிர்த்து, ஆற்றோரமாகச் சுற்றிப் போகத் தொடங்கினார்.

வருடம் ஒன்று ஓடியது. ஜாசின் மேனேஜரும் கப்பலேறினார். சங்கம் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவுக்குச் சுருங்கியது. மாலையில் தங்கராஜு கருவிமுன் உட்கார்ந்து கூப்பிட்டால் மேடான் பதில் தரும், மலாக்காவிலிருந்து ஒரு குரலும் எழாது. அந்தச் சமயத்தில் அவருடைய ரிசீவரின் ஒலிபெருக்கி கெட்டுப்போனது. அதைச் சரிபார்க்க அந்தப் பக்கத்தில் ஹனீஃபை விட்டால் ஆள் இல்லை.

ரிசீவரைச் சுமந்துகொண்டு கடைப்படி ஏறியவரை ஹனீஃப் வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. ஒலிபெருக்கியைக் கழற்றிப் பிரிந்திருந்த கம்பியைப் பற்றவைத்தார். கருவியில் பூட்டி ஓடவிட்டு, அதன் காகிதக் கூம்பின்மேல் ஆள்காட்டி விரலை லேசாக வைத்தார். காது சொல்லாததை அவருக்கு விரல் சொல்லும். கடைக்கு வரும் எல்லா ரேடியோவையும் அப்படித்தான் சோதிப்பார். தங்கராஜு எத்தனையோ முறை பார்த்ததுதான். அன்றுதான் அதில் அவர் மனம் நின்றது. மேசையில் கிடந்த மோர்ஸ் அடிக்கும் கீயைத் தங்கராஜு இழுத்துக் கருவியோடு சேர்த்தார். சோதனையில் கேட்கும் வேகத்துக்கு நிதானமாக அடித்தார். ஹனீஃபின் விரல் கூம்பிலேயே இருந்தது. அவர் முகம் முதலில் சுருங்கி, பிறகு மெல்ல மலர்ந்தது.

"என் பேரு," என்றார் ஹனீஃப். "பொறவு, சோதனைக்கு வாறியானு கேட்டீங்க."

"வாறியா?"

"நீங்கதான அண்ணே அன்னிக்குக் காதால வாங்கணும்னு சொன்னீங்க."

"சொன்னேன். தப்புப் பேச்சு பாய் அது."

ஹனீஃப் பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பிப் பால் விடாத கோப்பி ஓ இரண்டு வரவழைத்தார்.

சோதனை நடத்திய தபால் தந்தி அதிகாரி ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், விதிமுறையில் கண்டிப்பானவர். ஒலிபெருக்கியைத் தொட்டுக்கொண்டு சோதனை எழுதிய வழக்கம் இல்லை என்று மறுத்தார். தங்கராஜு வாதாடினார். விதியில் மோர்ஸை வாங்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, எந்த உறுப்பால் வாங்க வேண்டும் என்று இல்லையே என்றார். அதிகாரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கோலாலம்பூரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கோலாலம்பூர் ஆற அமர யோசித்து, ஆட்சேபம் இல்லை என்றது.

முதல் முறை ஹனீஃப் தோற்றார். பதற்றத்தில் விரல் வேர்த்து, கூம்பின் காகிதம் நமத்துவிட்டது. அடுத்த முறை மேசைமேல் டால்கம் பவுடர் டப்பாவோடு உட்கார்ந்தார். அதிகாரி அதையும் ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு அனுமதித்தார். பிழையே இல்லாமல் தேறினார்.

சேதி பரவியது. காது கேளாத பாய் ஒருவர் விரலால் கேட்டு லைசென்ஸ் வாங்கினாராம் என்று பசாரில் பேசிக்கொண்டார்கள். துரைமார் விவகாரம் என்று ஒதுங்கியிருந்தவர்கள் அவர் கடைக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைப் பலகையை மூடிவிட்டு ஹனீஃப் கருவி கட்டச் சொல்லிக்கொடுப்பார். புலாவ் செபாங்கிலிருந்து ரயிலேறி வந்து தங்கராஜு மோர்ஸ் சொல்லிக்கொடுப்பார். புக்கிட் பெருவாங்கிலிருந்து தச்சுவேலை செய்யும் ராமையா வந்தார். மலாய்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரும், சீன மருந்துக் கடைக்காரர் ஒருவரும் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஜெயா, சீருடையோடு நேரே வேலையிலிருந்து வருவாள்.

1960-இல் அவசரகாலம் முடிந்தது. சோதனையின் வேகத்தைக் குறைக்கக் கேட்கலாமா என்ற பழைய விவாதம் சங்கத்தில் மறுபடி தலைதூக்கியது. இம்முறை தங்கராஜு ஆதரித்துப் பேசினார். எதிர்த்தவர் ஹனீஃப். நான் விரல் தேயப் படிச்சு வாங்கினது, மத்தவங்களும் படிக்கட்டும்லா என்றார். தங்கராஜுவுக்கு அது வியப்பாக இருக்கவில்லை. வேலிக்கு உள்ளே வந்தவனுக்கு வேலி பிடித்துப்போகும் என்று அவருக்குத் தெரியும். இரு தரப்பும் ஓய்ந்த பிறகு நடுவழி ஒன்று பிறந்தது. சங்கத்துக்கென்று பொது நிலையம் ஒன்றுக்கு அனுமதி கேட்பது. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருந்தால், பழகுகிறவரும் அதில் பேசலாம். அதற்கு ஹனீஃபும் கை தூக்கினார். அரசாங்கமும் இணங்கியது.

அந்த நிலையத்தில் முதலில் உட்கார்ந்தவள் ஜெயா. தங்கராஜு ஒரு பக்கம், ஹனீஃப் மறுபக்கம். கீமேல் கையை வைத்துவிட்டு, என்ன பேசறது அங்கிள் என்று கேட்டாள். மழை பெய்யுதான்னு கேளு என்றார் தங்கராஜு. அவள் கூப்பிட்டாள். இரைச்சலுக்கு நடுவே சரவாக்கிலிருந்து யாரோ ஒருவர் பதில் அடித்தார். அங்கே மூன்று நாளாக மழையாம்.