ராக்கன் இடிக்காத கட்டடம்

திருமயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ராக்கனைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்களில் அவரைக் கண்டு மகிழ்ந்தவர்களும் அதிகம் கிடையாது. பழைய வீடுகளை இடிப்பது அவர் தொழில். இருபத்தேழு வருடமாக அதைத்தான் செய்கிறார். அறுந்த செருப்பைச் சரிசெய்யத் தெருவில் நின்றால்கூட, எதிர்வீட்டிலிருந்து யாராவது வெளியே வந்து, "என்னண்ணே, ஒங்கள யாரும் வரச் சொன்னாங்களா?" என்று கேட்பார்கள். கிரகப்பிரவேசத்துக்கு அவரை யாரும் அழைத்ததில்லை. அதை அவர் ஒரு குறையாகச் சொன்னதும் இல்லை.

போன வருடம் தை மாதம், கீரமங்கலத்தில் பூ விவசாயிகள் சங்கத்தின் ஆபீஸை இடிக்கக் கூப்பிட்டார்கள். அறுபது வருடக் கட்டடம். பின்னறையின் கூரை முந்தின மழையில் உட்கார்ந்துவிட்டது. காலை ஏழு மணிக்கே ராக்கன் ஜேசிபியோடு போய் இறங்கினார். வாசலில் சங்கத் தலைவர் ஆத்மநாதன் நின்றிருந்தார். பக்கத்தில் சிறிய சுத்தியலோடு ஒரு பெண்.

"அண்ணே, ஒரு சின்ன மாத்தம்," என்றார் ஆத்மநாதன். "இடிக்க வேணாம்னு முடிவாயிருச்சு. இவங்க புதுக்கோட்டையிலேர்ந்து வந்திருக்கிற இன்ஜினியர், சத்யபிரியா."

ராக்கன் ஜேசிபியைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நான் எதுக்குங்க?"

சத்யபிரியாதான் பதில் சொன்னாள். "புது சிமெண்ட், புது செங்கல், புது கம்பி எல்லாமே நெருப்புல வெந்துதாங்க வருது. அத்தனைக்கும் பொகை. இந்தச் செவரு அறுபது வருசத்துக்கு முன்னாடியே வெந்து முடிஞ்சது. இதை இடிச்சா பழைய பொகையும் வீணு, புதுப் பொகையும் சேரும். பின்னறையை மட்டும் கல்லு கல்லாப் பிரிக்கணும். பிரிச்சதெல்லாம் இங்கேயே திரும்ப ஏறணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. இந்தக் கட்டடத்தை நீங்க இடிக்கிறதா இருந்தா எங்கிட்டு ஆரம்பிப்பீங்க?"

இந்தக் கேள்விக்கு ராக்கன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "இங்கிட்டு. இந்த ஹால்ல ரெண்டு உத்தரம் செல்லரிச்சுப் போச்சு, தட்டினா கொட்டும். வடக்கு ஜன்னலுக்கு மேல விரிசல் இருக்கு. அங்கிட்டு கெழக்குச் செவத்துல கை வைக்கவே மாட்டேன். அது என்னைய ரெண்டு நாளு நிக்க வச்சுரும்."

அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எங்கே ஆரம்பிப்பேன் என்று அவர் காட்டிய இடங்களைப் பலப்படுத்துவது, கை வைக்க மாட்டேன் என்றதை அப்படியே விடுவது. வேலைத் திட்டம் அவ்வளவுதான். ஜேசிபி திரும்பிப் போனது.

முதல் நாள் ராக்கன் நாற்பது செங்கல்லை உடைத்தார். வேண்டுமென்று அல்ல, கை அப்படித்தான் விழுந்து பழகியிருந்தது. இரண்டாம் நாள் சுத்தியலை வைத்துவிட்டு உளியை எடுத்தார். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் என்பதால், பொறுமையாகத் தட்டினால் கல் முழுசாகக் கழன்று வந்தது. பொறுமைதான் வரவில்லை. மூன்றாம் வாரத்தில் அதுவும் வந்தது. கல்லைச் சுத்தம் செய்து அடுக்கும்போது ஓரம் நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

அந்தக் கற்கள் கழிப்பறைச் சுவராகவும் தடுப்புச் சுவராகவும் எழுந்தன. பின்னறை இருந்த இடம் காற்றாடும் முற்றமானது. காற்று ஹாலுக்குள் வந்ததால் ஏசி வேண்டுமென்ற பேச்சு அடங்கியது. உத்தரத்துக்குத்தான் மரம் கிடைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் திருமயம் பக்கம் இடித்த ஒரு பெரிய வீட்டின் தேக்கு உத்தரங்கள் ராக்கனின் கொட்டகையில் கிடந்தன. இரண்டை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"இது யாரு வீட்டு மரம்ணே?" என்று கேட்டார் ஆத்மநாதன்.

"எட்டுப் பங்காளிங்க. எல்லாரும் சென்னையில நல்லா இருக்காங்க."

உத்தரத்தை ஏற்றும்போது கயிற்றைப் பிடித்த ராக்கன் ஒரு நிமிடம் குழம்பினார். மரத்தை இறக்கித்தான் அவருக்குப் பழக்கம். அது சுவரில் போய் உட்கார்ந்த பிறகும் கயிற்றை விடாமல் நின்றார். "விடுங்கண்ணே, உக்காந்துருச்சு," என்று சத்யபிரியா இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

திறப்பு விழாவுக்கு ஓர் அதிகாரி வந்தார். ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல கட்டடம். வேலையை எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்றார்.

"முடிஞ்சிருச்சுங்க," என்றார் ஆத்மநாதன்.

அதிகாரி இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்த ராக்கனுக்கு, அவர் சொன்னது பாராட்டா இல்லையா என்று பிடிபடவில்லை. இரண்டு நாள் யோசித்துப் பார்த்து, பாராட்டு என்று முடிவு செய்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் நாள் அடைமழையிலேயே ராக்கன் இரண்டு பஸ் மாறிக் கீரமங்கலம் போனார். இடித்த வீட்டைப் போய்ப் பார்க்க அவருக்கு இதுவரை அவசியம் வந்ததில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருப்பதில்லை. சங்கத்தில் ஆட்கள் பூவுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். உத்தரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஈரம் இல்லை. ஆனாலும் மாடியேறி, தண்ணீர் போகும் குழாயை அடைத்திருந்த வேப்பிலையை வாரி எறிந்துவிட்டு இறங்கினார்.

மத்தியானம் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தவரிடம் துண்டை நீட்டினாள் மனைவி பொன்னுத்தாய். "இந்த மழையில எங்க போயிட்டு வாரீங்க?"

"ஆபீசுக்கு," என்றார் ராக்கன். தலையைத் துவட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.