சாம்பிள் எடுத்துப் படித்த நாவல்கள்

என் மகள் படிக்கும் நாவல்கள் மீது எனக்குச் சில புகார்கள் உண்டு. முதல் புகார், அவற்றில் அப்பா அம்மா உயிரோடு இருப்பதில்லை. முதல் அத்தியாயம் முடிவதற்குள் தீயிலோ போரிலோ கப்பல் கவிழ்ந்தோ இருவரும் போய்விடுகிறார்கள். தப்பித் தவறி அப்பா பிழைத்துக்கொண்டால் அவர் குடிகாரர், அல்லது கடைசியில் அவர்தான் வில்லன். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ராஜ்ஜியத்தைக் காப்பாற்றக் கிளம்ப வேண்டுமென்றால், வாசலில் நின்று "சாப்பிட்டுட்டுப் போம்மா" என்று சொல்ல ஆள் இருக்கக் கூடாது போலிருக்கிறது.

இதை ஒரு சிவப்புச் சீட்டில் எழுதி அவளுடைய புத்தகத்துக்குள் வைத்தேன். மறுநாள் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் பதில் வந்தது: "இருந்தா விடுவீங்களா?"

அவளுக்கும் பதினாறு வயதுதான். பிளஸ் ஒன் படிக்கிறாள்.

சீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆவடிப் பக்கம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். குவார்ட்டர்ஸில்தான் வீடு. எங்கள் பிரிவில் எந்தப் பொருள் வந்தாலும் பார்த்துவிட்டு ஒரு சீட்டுக் கட்டுவோம். பச்சை என்றால் ஏற்றுக்கொண்டோம், சிவப்பு என்றால் திருப்பி அனுப்பு, மஞ்சள் என்றால் சரிசெய்து கொண்டு வா. மகள் பத்தாம் வகுப்புக்குப் போன பிறகு என்னிடம் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. "ம்", "தெரியல", "அப்புறம்" என்ற மூன்று சொற்களில் முழு நாளையும் ஓட்டிவிடுவாள். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அவள் வைத்துவிட்டுப் போன நாவலை எடுத்துப் படித்தேன். விளையாட்டாக ஒரு மஞ்சள் சீட்டில், 'டிராகனுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை, கதாநாயகனுக்குக் கொஞ்சம் தேவை' என்று எழுதி வைத்தேன். அன்று மாலை அவளுடைய அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதிலிருந்து அவள் ஒரு புத்தகத்தை முடித்தால் அது மேஜைக்கு வரும், நான் படித்துச் சீட்டு வைப்பேன், அவள் பின்பக்கத்தில் சண்டை போடுவாள். எங்கள் இருவருக்கும் இடையே ஒழுங்காக நடந்துவந்த பேச்சு அது ஒன்றுதான்.

புத்தகங்கள் பூந்தமல்லியிலிருந்து வரும். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, மெட்ரோ தூண்களின் கீழே, பழைய ஆங்கிலப் புத்தகங்களைத் தார்ப்பாயில் பரப்பி எடை போட்டு விற்கும் ஒருவர் இருக்கிறார். மாதம் ஒருமுறை அவளை ஸ்கூட்டரில் அழைத்துப் போவேன்.

"இன்னா சார், பொண்ணு பொறுக்கினு கீது, நீ சும்மா நிக்கிற?" என்று ஒருமுறை கேட்டார்.

"எனக்கு எது நல்லதுன்னு தெரியாதே."

"அட்டையப் பாரு சார். கிரீடம் போட்டிருந்தா ராஜா கத. கத்தி போட்டிருந்தா கொல கேசு. ரெண்டும் போட்டிருந்தா மூணு பார்ட்டு வரும், மூணும் நம்மகிட்டயே கீது."

இன்று வரை அவருடைய இலக்கணம் பொய்த்ததில்லை.

மாயாஜால நாவல்களில் எனக்குப் பிடித்தது முதல் பக்கத்து வரைபடம். மலை, ஆறு, கோட்டை என்று அழகாகப் போட்டிருப்பார்கள். பிடிக்காதது, மூன்று பாகமாக நீட்டுவது. ஒரு பாகத்துக்குத்தான் சரக்கு இருக்கும். இரண்டாம் பாகத்தில் எல்லோரும் நடப்பார்கள். மூன்றாம் பாகத்தில் செத்தவர் திரும்பி வருவார். கதாநாயகிக்கு இரண்டு பையன்கள் மேல் காதல். ஒருவன் நல்லவன், ஒருவன் கெட்டவன் மாதிரி இருக்கும் நல்லவன். நூற்றைம்பது பக்கம் அவள் யோசிப்பாள், நமக்கு மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

த்ரில்லர்கள் அவற்றைவிட நேர்த்தியாகச் செய்தவை. எங்கள் லோக்கல் ரயில் மாதிரி அத்தியாயத்துக்கு அத்தியாயம் நிற்கும், ஆனால் இறங்கத் தோன்றாது. ஒரு பெண் காணாமல் போவாள், அவளுடைய தோழி துப்பறிவாள், போலீசுக்கு ஒன்றும் தெரியாது, ஆசிரியர் ஒருவர் சந்தேகத்துக்கு இடமாக நடமாடுவார். எல்லாம் சரிதான், ஆனால் நெருக்கடியான நேரத்தில் எப்போதும் போன் அணைந்துவிடும். இது மட்டமான வேலை என்று எழுதி, வரிசையாக மூன்று த்ரில்லர்களுக்குச் சிவப்புச் சீட்டு வைத்தேன்.

இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். தொடக்கத்தில் முழுதாகத்தான் படித்தேன். பிறகு புத்தகங்கள் தடிமனாகிக்கொண்டே போயின, எனக்கு ஓவர்டைம் கூடியது. தொழிற்சாலையில் ஒரு லாட் போல்ட் வந்தால் அத்தனையையும் எடுத்து அளக்க மாட்டோம். மேலே கொஞ்சம், நடுவில் கொஞ்சம், அடியில் கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம். அவை தேறினால் லாட் தேறியது. இருபது வருடம் அப்படிச் செய்து பழகிய கை, நாவலுக்கும் அதையே செய்தது. முதல் பத்துப் பக்கம், நடுவில் பத்துப் பக்கம், கடைசி அத்தியாயம். சீட்டு எழுத அது போதுமானதாக இருந்தது. மகள் கண்டுபிடிக்கவும் இல்லை. கண்டுபிடிக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சென்ற ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. மாயாஜாலப் பள்ளிக்கூடம் பற்றிய தடித்த நாவல் ஒன்றுக்குப் பச்சைச் சீட்டு வைத்திருந்தேன். 'நடுப்பகுதி விறுவிறுப்பு' என்று எழுதியிருந்தேன். பொதுவாக நடுப்பகுதியைப் பற்றி இப்படி ஒரு வரி எழுதிவிட்டால் பாதுகாப்பு. அவள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"முழுசா படிச்சீங்களாப்பா?"

"முழுசா."

"நடுவுலயும்?"

"நடுவுலதானே நல்லாயிருக்கு."

"உங்களுக்கு ஓகேவா?"

"அதான் பச்சை வெச்சிருக்கேனே."

அவள் முகம் மலர்ந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தைப் பார்த்தேன். தனக்குப் பிடித்த புத்தகம் அப்பாவுக்கும் பிடித்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அவளுக்கு அம்பத்தூரில் நுழைவுத் தேர்வுக் கோச்சிங். காலையில் பையை மாட்டிக்கொண்டு அண்ணனூர் ஸ்டேஷனில் ரயில் ஏறுவாள், நான்கு மணிக்குத் திரும்பிவிடுவாள். எனக்கு அன்று ஓவர்டைம். எங்கள் தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக முடியாது, கேட்டில் கொடுத்துவிட வேண்டும். மாலை நாலரைக்குச் சைரன் அடித்து வெளியே வந்து போனை வாங்கி இயக்கியபோது, காலை பத்தே காலுக்கே வந்திருந்த குறுஞ்செய்தி கண்ணில் பட்டது. தங்கள் மகள் இன்று வகுப்புக்கு வரவில்லை.

மகளுக்கு அழைத்தேன். அணைக்கப்பட்டிருந்தது.

மனைவிக்கு அழைத்தேன். "இன்னும் வரலைங்க, டிரெயின் லேட்டா இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் பாத்திரம் ஏதோ கீழே விழுந்தது.

அண்ணனூர் ஸ்டேஷனுக்கு எப்படி வண்டி ஓட்டிக்கொண்டு போனேன் என்று நினைவில்லை. பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். ரயில்கள் வந்தன. பை மாட்டிய பெண்கள் இறங்கினார்கள். எல்லோரும் தூரத்தில் அவள் மாதிரியே இருந்தார்கள். வெளியே வந்து நின்றபோது ஓர் ஆட்டோக்காரர் அவராகவே கேட்டார்.

"யாரத் தேட்ற சார்?"

போனில் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"பாக்கல நைனா. இன்னா டிரெஸ்ஸு போட்டுனு வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை.

"கூட யாருனா ஃபிரண்டு கீதா? அதுங்க ஊடு எங்க?"

அதுவும் தெரியவில்லை. ஒரு மரையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை சொல்லக்கூடியவன் நான். என் மகள் காலையில் போட்டிருந்த சுடிதாரின் நிறம் எனக்குத் தெரியவில்லை. த்ரில்லர்களில் காணாமல் போன பெண்ணின் அப்பாவிடம் போலீஸ் இதே கேள்விகளைக் கேட்கும். அவர் திருதிருவென்று விழிப்பார். 'இப்படியும் ஓர் அப்பன் இருப்பானா' என்று ஒரு சீட்டில் நான் எழுதியிருக்கிறேன்.

"மூஞ்சி வெளுத்துப்போச்சே உனுக்கு. குந்து சார், தண்ணி குடி. வந்துரும், எங்க போயிடப் போவுது" என்று ஆட்டோக்காரர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் பிளாட்பாரத்துக்குப் போனேன்.

ஐந்தே முக்காலுக்கு மனைவி அழைத்தாள். "வந்துட்டா. வாங்க." அவ்வளவுதான் சொன்னாள்.

வீட்டுக்குப் போனால் மகள் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். கன்னத்தில் பாயின் தடம். சுடிதார் நீலம்.

"சொல்லாமப் போலாமாம்மா?" என்றேன். கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்திருந்தேன்.

"சொன்னேனேப்பா."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான். நீங்கதான் படிச்சேன்னு சொன்னீங்க. பச்சை வேற வெச்சீங்க."

எழுந்து போய் அந்தப் பள்ளிக்கூட நாவலை எடுத்து வந்து, நடுவில் விரித்து, ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். அது இருந்த அத்தியாயத்தை நான் திறக்கவே இல்லை. நான் நடுவில் எடுத்த சாம்பிள் அதற்கு இருபது பக்கம் முன்னதாகவே முடிந்துவிட்டது.

சீட்டில் இப்படி இருந்தது: "அப்பா, இந்தச் சுவர் கற்பனை இல்ல. எங்க கோச்சிங் வாட்ஸ்அப் குரூப்ல ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் டெஸ்ட் முடிஞ்சதும் இதுதான் நடக்குது. ரெண்டு வாரமா எனக்குத் தூக்கம் வரல. அம்மாகிட்ட சொன்னா பயந்துடுவாங்க. இந்த சனிக்கிழமை மட்டும் நான் போகல. வெள்ளானூர்ல ஃப்ரெண்ட் வீட்ல இருக்கேன், அவங்க அம்மா இருப்பாங்க. ஆறு மணிக்குள்ள வந்துடுவேன். வேணாம்னா இதுலயே எழுதுங்க. சரின்னா பச்சை வைங்க."

"அங்க என்ன பண்ணின?" என்று மனைவி கேட்டாள்.

"தூங்கினேம்மா. ஆன்ட்டி சாம்பார் சாதம் குடுத்தாங்க. சாப்ட்டுத் தூங்கிட்டேன். போன்ல சார்ஜ் போனதுகூடத் தெரியல." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க படிக்கவே இல்லல்ல?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. சீட்டைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

மனைவி அதுவரை நின்றுகொண்டே இருந்தாள். "அப்பனும் பொண்ணும் சீட்டுலயே குடும்பம் நடத்துங்க. நான் ஒருத்தி இந்த வீட்ல வாயோட இருக்கேன், யாருக்கும் தேவைப்படல" என்றாள். அவள் கண்கள்தான் கலங்கியிருந்தன.

மறுநாள் அந்த நாவலை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அந்த அத்தியாயத்தில் பள்ளிக்கூடத்துச் சுவரில் வாரம் ஒருமுறை மாணவர்களின் பெயர்கள் ஒளிரும். கடைசியில் வரும் பெயர் மெல்ல மங்கும், அதை எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். முன்பு படித்திருந்தால் மிகையாக இருக்கிறது என்று மஞ்சள் வைத்திருப்பேன். கோச்சிங்காரர்கள் பெற்றோருக்கு வைத்திருந்த குரூப்பையும் அன்றுதான் ஒழுங்காகத் திறந்து பார்த்தேன். ஞாயிறுதோறும் மதிப்பெண் பட்டியல் வந்திருந்தது. என் மகளின் பெயர் எங்கே இருக்கிறது என்று நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. கடைசி ஐந்து பெயர்களுக்குச் சிவப்புப் பட்டை போட்டிருந்தார்கள், அவற்றில் முதலாவது அவளுடையது.

நானும் மனைவியும் அம்பத்தூருக்குப் போய்ப் பேசினோம். அவளை ஞாயிற்றுக்கிழமைத் தேர்விலிருந்து நிறுத்திவிட்டோம். சனிக்கிழமை வகுப்புக்கு அவளே போகிறேன் என்று சொன்னாள், போகிறாள். கிளம்பும்போது என்ன நிறம் போட்டிருக்கிறாள் என்று பார்த்துக்கொள்கிறேன். சைரன் அடித்துக் கேட்டில் போனை வாங்கி இயக்கியதும் இன்னும் முதலில் குறுஞ்செய்திகளைத்தான் பார்க்கிறேன்.

புத்தகங்கள் மேஜைக்கு வருவது நிற்கவில்லை. ஆனால் என் சீட்டுகளுக்குப் பின்பக்கத்தில் பதில் வருவது நின்றுவிட்டது. நான் ஒரு பக்கம் விடாமல் படித்தேன். நன்றியுரை, அச்சகத்தார் முகவரி உட்பட. அப்படி முழுதாகப் படித்ததில் என் அபிப்பிராயங்கள் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. மூன்றாம் பாகங்கள் இன்னும் மோசமாகத்தான் தெரிந்தன. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பயத்தை எழுத இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெரியவர்கள் யாருமே கவனிக்காத இடத்தில் ஒரு பெண் தனியாகப் பயந்துகொண்டிருப்பதை இந்த நாவல்கள் எழுதும் அளவுக்கு, நான் மதிக்கும் பெரிய நாவல்கள் பலவும் எழுதியதில்லை. அதை ஒரு பச்சைச் சீட்டில் எழுதி வைத்தேன். பதில் இல்லை.

போன வாரம் ஒரு ராஜா கதையை முடித்தேன். கடுப்பில் சிவப்புச் சீட்டு எடுத்து எழுதினேன்: 'நடுப்பகுதி மகா மட்டம். நூறு பக்கம் குதிரையிலேயே போகிறார்கள். ஒரு வேளைகூட அந்தக் குதிரைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.'

மறுநாள் மாலை டியூட்டி முடிந்து வந்தபோது புத்தகம் திரும்ப மேஜையில் இருந்தது. சீட்டின் பின்பக்கத்தில் பென்சில் எழுத்து: "287ஆம் பக்கம் பாருங்க."

ஷூவைக்கூடக் கழற்றாமல் 287ஐத் திருப்பினேன். ஓடைக்கரையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள், ஒரே ஒரு வரி. அதன் மேல் வெள்ளைச் சீட்டு ஒன்று இருந்தது. "வெள்ளானூர் ஃப்ரெண்ட் ஞாயித்துக்கிழமை இங்க வரலாமா? எழுத வேணாம். வந்து சொல்லுங்க."

சமையலறையில் அவளும் அவள் அம்மாவும் தோசை வார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் போய் நின்றேன்.

"வரச் சொல்லும்மா. சாப்பாடு நம்ம வீட்லதான்னு சொல்லு."

"287 பாத்தீங்களா?" என்றாள் திரும்பாமலே.

"பாத்தேன். அது தண்ணி. தீனி எங்க?"

"யாருக்குத் தீனி?" என்றாள் மனைவி, தோசைத் திருப்பியோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி. மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு அடுப்புப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டு, அம்மாவுக்கு அந்தக் குதிரைக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.