வாசித்த கதையும் வாசலில் ஊற்றிய தண்ணீரும்

கதையில் வரும் பிள்ளைக்காக அழத் தெரிந்த எங்களுக்கு, எதிரே நிற்பவளின் தாகம் ஏன் உறைக்கவில்லை?

போன கோடையில் மத்தியானம் தவறாமல் மின்சாரம் போகும். டிவி தொடர் பார்க்க முடியாத எரிச்சலில் இருந்த என் மதினிக்கு, கம்பம் நூலகத்தில் எடுத்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலை வாசித்துக் காட்டினேன். மதினி என் கணவரின் அக்கா, எங்களோடுதான் இருக்கிறார். அமெரிக்காவில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பள்ளி, பேருந்து, தண்ணீர்க்குழாய் எல்லாம் தனித்தனியாக இருந்த காலத்துக் கதை. ஒன்றாம் வகுப்பு முடித்திருந்த என் மகளும் பக்கத்தில் படுத்துக் கேட்பாள்.

ஒரு கறுப்பினச் சிறுமி தாகத்தில் வெள்ளையர் குழாயில் வாய் வைத்துவிடுகிறாள். அநியாயம் என்ற சொல்லை அந்த எழுத்தாளர் எங்கும் எழுதவில்லை. வெயிலை எழுதியிருந்தார். உதடு ஒட்டிக்கொண்டதை எழுதியிருந்தார். அவள் அம்மா ராத்திரி உட்கார்ந்து தைத்த கவுனை முதலில் நம்மை ரசிக்க வைத்துவிட்டு, பிறகு அதே கவுனைப் பிடித்து வெள்ளையர்கள் அவளை இழுப்பதாக எழுதியிருந்தார்.

மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "பச்சப்புள்ளய இப்பிடி வெரட்டுறாகளே, அவுக வெளங்குவாகளா? நிப்பாட்டாத, மேல படி தாயி."

அன்று சாயங்காலம், எங்கள் தோட்டத்தில் திராட்சை வெட்ட வருகிற பெண் தண்ணீர் கேட்டு வாசலில் நின்றாள். என் வயதுதான் இருக்கும். மதினி என் மகளைக் கூப்பிட்டார்.

"சொம்ப எடுத்துட்டு வா. நல்லாத் தூக்கி ஊத்து, கை பட்றாம."

மகள் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாள். அந்தப் பெண் குனிந்து, இரண்டு கையையும் குவித்துக் குடித்தாள்.

"சமத்து!" என்றார் மதினி.

மகளின் முகத்தில் அப்படியொரு பெருமை. இந்தப் பழக்கம் அவள் கையோடு வளர்ந்துவிடக் கூடாது.

மறுநாள் நானே எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன்.

"கத படிச்சுட்டு டம்ளர் தூக்குறவள இங்கனதான் பாக்குறேன்" என்றார் மதினி.

அந்தப் பெண் டம்ளரைத் தொடவில்லை. "வேணாந் தாயி. டம்ளர்ல குடிச்சேன்னு தெரிஞ்சா மத்த தோட்டத்துல கூப்புட மாட்டாக. நீங்க படிச்சவுக, வீட்டுக்குள்ள போயிருவீக. நான் நாளைக்கும் வேலைக்குப் போகணும்ல" என்று சிரித்துக்கொண்டே கையைக் குவித்தாள்.

அவசரப்பட்டு அவளைச் சங்கடப்படுத்திவிட்டேனோ என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் மதினியிடம் சொல்லிவிட்டேன்: "எம் மக இனிமே யாருக்கும் தூக்கி ஊத்த மாட்டா மதினி."

"அப்ப வேலைக்கு வர்றவ எப்பிடித்தான் குடிப்பா?"

அன்றிலிருந்து வாசலில் ஒரு பானையில் தண்ணீரும் அதன்மேல் டம்ளரும் வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணோ தன் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறாள்.

டம்ளரை நான் எடுக்கப்போவதில்லை. ஆனால் என் பிடிவாதத்தால் அவள் பிழைப்பு கெட்டுவிடக் கூடாது. இப்படியொரு நிலையில் மாட்டி வழி கண்டவர்கள் இருந்தால், என்ன செய்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.