பன்னிரண்டு மில்லிமீட்டர்

அக்கா ஒரு பாகத்தை வைத்து முடித்தால், மௌஸால் அதைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். திரையில் அது அசையாமல் நின்றால்தான் அடுத்த பாகம். நந்தனத்தில் மாடி ஒன்றில் இயங்கிய எங்கள் டிசைன் ஆபீஸில் எட்டுப் பேர். அத்தனை பேருக்கும் அவர் அக்காதான். எனக்குப் பக்கத்து நாற்காலி. மயிலாப்பூர் மாதாகோயில் தெருவிலிருந்து பஸ்ஸில் வருவார். கணவர் இல்லை. பள்ளியில் படிக்கும் மகளுக்கு அவர் ஒருவர்தான்.

எங்கள் வேலை, இயந்திரத்தின் பாகங்களைக் கணினியில் ஒன்றோடொன்று பொருத்துவது. இந்தப் பாகத்தின் முகத்திலிருந்து அந்தப் பாகத்தின் முகம் பன்னிரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருக்கணும் என்று சொல்லிவிட்டால், ஒன்று நகரும்போது மற்றதும் கூடவே நகரும். சொல்லச் சோம்பல்பட்டவர்கள் பாகத்தை இருந்த இடத்திலேயே பூட்டிவிடுவார்கள். அதற்கு ‘ஃபிக்ஸ்’ என்று பெயர். அக்காவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. “ஃபிக்ஸ் பண்ணாதப்பா. நாளைக்கு கஸ்டமர் ஒரு பிளேட்ட மாத்துனா, எல்லாம் நகரும், உன்னுது மட்டும் அங்கயே நின்னுக்கினு இருக்கும்” என்பார்.

மகளின் பள்ளிக்குப் போக அவர் அரைநாள் லீவு எடுத்த அன்று, அவருடைய ஃபைலில் ஒரு மூடியைச் சேர்த்து நான்கு மணிக்குள் அனுப்பும் வேலை எனக்கு வந்தது. மூடியை வைத்தேன். திரை முழுக்கச் சிவப்புக் குறி. நான் கொடுத்த தூரமும், நகரும் கைக்கு மேலே சென்சாரைப் பிடித்திருக்கும் தாங்கிக்கு அக்கா கொடுத்திருந்த பன்னிரண்டும் ஒன்றோடொன்று மோதின. என்னுடையதை எடுத்திருக்க வேண்டும். மூன்றே முக்கால் ஆகிவிட்டது. அவருடையதை அழித்தேன், தாங்கியை ஃபிக்ஸ் பண்ணினேன், சிவப்பு போனது, அனுப்பிவிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் மறந்தே போனேன், சனியன் பிடித்தவன்.

பத்து நாள் கழித்து கஸ்டமர் அடியில் இருக்கும் தகட்டின் கனத்தை ஆறு மில்லிமீட்டர் கூட்டச் சொன்னார். அக்காதான் மாற்றினார். வழக்கம்போலத் தாங்கியை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. தூரம் சொல்லி நிறுத்தினாலும் அசையாது, பூட்டி வைத்தாலும் அசையாது; பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வரைபடத்தில் ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் தன் பெயரைப் போட்டு அனுப்பினார்.

இயந்திரம் தயாராகி ஓட்டிப் பார்த்த அன்று, நகரும் கை சென்சாரில் இடித்து எல்லாம் நொறுங்கியது. முதலாளி அக்காவின் மேசைக்கு வந்து ஃபைலைத் திறக்கச் சொன்னார். தகட்டோடு கை ஆறு மில்லிமீட்டர் ஏறியிருந்தது, தாங்கி ஏறவில்லை; பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. தான் கொடுத்த தூரத்தை அக்கா வரிசையாகத் தேடினார், இன்னொரு தடவை தேடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நான்தான் போடாம விட்டிருக்கேன் போல சார்.”

நான் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. பெரிய காரணம் எதுவும் கிடையாது, பயந்தேன், அவ்வளவுதான். மாதக் கடைசியில் அவரை வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டார்கள். போகும்போது என் தோளைத் தட்டி, “நீயாவது ஜாக்கிரதையா செய்பா” என்றார்.

பல வருஷம் கழித்து, போன மாதம் ஆதார் நகல் எடுக்க மயிலாப்பூர் குளத்தருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றேன். உள்ளே அக்கா. முடி பாதி நரைத்திருந்தது. மகள் வேலைக்குப் போகிறாளாம். ஏன் திரும்ப டிசைனுக்குப் போகவில்லை, உங்கள் கைக்கு எத்தனையோ ஆபீஸ் கூப்பிட்டிருக்குமே என்று கேட்டேன். கேட்கிற தகுதி எனக்கு இருந்ததா என்ன!

“கூப்புட்டாங்கப்பா. நான்தான் போகல. போட்டேன்னு அவ்ளோ நிச்சயமா இருந்துது. போடவே இல்லன்னா, அப்புறம் என்னை நானே எப்படி நம்புறது, சொல்லு?”

சொல்லு என்று அவரே கேட்டார். பின்னால் ஆள் யாரும் இல்லை. கடையில் நாங்கள் இருவர் மட்டும். நான் ஆதாரை எடுத்து நீட்டினேன்.

என் நகல்கள் ஆறு. ஆறே ஆறு தாள்களை அவர் மூன்று முறை எண்ணினார். நீட்டும்போது, “எதுக்கும் நீயும் ஒருவாட்டி எண்ணிப் பாத்துடுப்பா” என்றார்.

எண்ணினேன். சரியாக இருந்தது. “சரியா இருக்குக்கா” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

இப்போதெல்லாம் நகல் எடுக்க ஆழ்வார்பேட்டை வரைக்கும் போகிறேன்.